குழந்தையோடு கொங்கண் ரயிலில்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மங்களூருவில் ஏறினால் உடுப்பி, கார்வார், கோவா, ரத்னகிரி என்று மலைக்கும் அரபிக் கடலுக்கும் நடுவில் மும்பைப் பக்கம் வரை போகும் பாதை கொங்கண் ரயில் பாதை. மகளோடு இதில் இரண்டு முறை போயிருக்கிறோம். முதல் முறை அவளுக்கு நாலு வயது, அடுத்த முறை ஏழு. முதல் பயணத்தில் பாதி வழி இருட்டில் போயிற்று, மீதி வழி அவளைச் சமாதானப்படுத்துவதில் போயிற்று. இரண்டாவது பயணம் நன்றாக அமைந்தது. அதற்கப்புறம் அக்கா, அலுவலகத் தோழிகள், மாடி வீட்டுக்காரர் என்று கேட்டவர்களுக்கெல்லாம் சொன்ன பதில்களைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன்.

அப்படி என்ன இருக்கிறது அந்தப் பாதையில்?

மகாராஷ்டிரத்தின் ரோஹாவிலிருந்து மங்களூருவை ஒட்டிய தோக்கூர் வரை சுமார் 740 கிலோமீட்டர். அதற்குள் 90 சுரங்கங்களுக்கு மேல், சிறிதும் பெரிதுமாகக் கிட்டத்தட்ட 2,000 பாலங்கள். மலையிலிருந்து கடலுக்கு ஓடும் ஒவ்வொரு ஆற்றையும் ஓடையையும் குறுக்கே தாண்டினால்தான் வடக்கே போக முடியும், அதனால்தான் இத்தனை பாலம். 1990-இல் வேலை தொடங்கியது. 1998 ஜனவரி 26 முதல் முழுப் பாதையிலும் ரயில் ஓடுகிறது.

கட்டி முடித்தவர் இ. ஸ்ரீதரன். 1964 டிசம்பர் புயலில் சிதைந்த பாம்பன் பாலத்தை 46 நாளில் மறுபடி ரயில் ஓடும்படி செய்தவரும் அவர்தான். இதைச் சொன்னபோது, ஏற்கெனவே ராமேஸ்வரம் போய் வந்திருந்த என் மகள், "பாம்பன் தாத்தாவா இதையும் கட்டினாரு?" என்றாள். எங்கள் வீட்டில் அன்றிலிருந்து அவர் பாம்பன் தாத்தாதான்.

முழுக்கக் கடலை ஒட்டியே போகுமா?

போகாது. நிறையப் பேர் இந்த நினைப்பில் கிளம்பி ஏமாந்து போகிறார்கள். பாதை பெரும்பாலும் கடற்கரையிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே தள்ளித்தான் ஓடுகிறது. நீங்கள் பார்க்கப்போவது கழிமுகங்கள், தென்னந்தோப்பு, வயல், செம்மண் வெட்டிய மலை, சுரங்கம், திடீரென்று கீழே ஒரு பள்ளத்தாக்கு, இவைதான். ஹொன்னாவர் அருகே ஷராவதி ஆற்றுப் பாலம் 2 கிலோமீட்டருக்குச் சற்று மேல் நீளம். அங்கே ஆறே கடல் மாதிரிதான் இருக்கும். குழந்தையிடம் "கடல் வரும், கடல் வரும்" என்று சொல்லிக் கூட்டிப் போகாதீர்கள். "ஆறு வரும்" என்று சொல்லுங்கள், வந்துகொண்டே இருக்கும்.

எந்த வயதில் கூட்டிப் போகலாம்?

கைக்குழந்தையை எப்போது வேண்டுமானாலும் கூட்டிப் போகலாம், தூங்கிக்கொண்டே வரும். ஆறு வயதுக்கு மேல் நன்றாக இருக்கும். ஒன்றரையிலிருந்து மூன்று வரைதான் கஷ்டம். நடக்கத் தெரியும், உட்காரத் தெரியாது. அந்த வயதென்றால் ஒரே மூச்சில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் பகல் பயணம் வைக்காதீர்கள்.

எதிலிருந்து திட்டமிட ஆரம்பிப்பது?

நாங்கள் முதல் முறை ஆரம்பித்தது தப்பான இடத்தில். எந்த ரயில் சீக்கிரம் போய்ச் சேரும் என்று பார்த்து டிக்கெட் போட்டோம். அந்த ரயில் கார்வாரையும் கோவாவையும் நடுராத்திரியில் தாண்டிவிட்டது. பார்க்கத்தான் போனோம், பார்க்க வேண்டிய இடமெல்லாம் வரும்போது போர்வைக்குள் இருந்தோம்.

ஆகவே முதலில் பார்க்க வேண்டியது வெளிச்சம். எந்த ஊரை ரயில் எத்தனை மணிக்குத் தாண்டுகிறது என்று நிலையம் நிலையமாகப் பாருங்கள். உடுப்பியிலிருந்து கார்வார் வரை ஒரு பகல் துண்டு, மகாராஷ்டிரத்தில் சாவந்த்வாடியிலிருந்து சிப்ளூண் வரை இன்னொரு பகல் துண்டு. இந்த இரண்டும் காலை ஏழு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் நடுவில் வந்தால் போதும். மற்ற தூரத்தை ராத்திரியில் தூங்கிக் கடக்கலாம்.

இரண்டாவது, குழந்தையின் நேரம். மதியம் ஒரு மணிக்குத் தூங்கும் குழந்தை ரயிலிலும் ஒரு மணிக்குத்தான் தூங்கும். பெரிய பாலம் வருகிறது என்று எழுப்பாதீர்கள். நான் எழுப்பினேன். அடுத்த ஒன்றரை மணி நேரம் பெட்டி முழுக்கக் கேட்டது அவள் குரல்தான்.

இன்னொன்றையும் மனதில் வைத்துக்கொண்டு கிளம்புங்கள். இயற்கைக் காட்சி பெரியவர்களுக்கு. குழந்தைக்கு ரயில்தான் காட்சி. மேல் படுக்கைக்குப் போகும் ஏணி, மடித்து விரிக்கும் மேசை, டீக்காரர், எதிர் சீட்டில் வேறு பாஷை பேசும் பாட்டி. எங்கள் மகளுக்கு இரண்டு பயணத்திலும் அதிகம் பிடித்த பொருள் மேசையின் கொக்கி.

சரி, எந்த ரயில்?

எங்கள் இரண்டாவது பயணம் இப்படி. சென்னை சென்ட்ரலில் மதியம் வெஸ்ட் கோஸ்ட் எக்ஸ்பிரஸ். சாயங்காலம் வரை ஜன்னல், அப்புறம் சாப்பாடு, தூக்கம். விடிகாலையில் மங்களூரு சென்ட்ரல். காத்திருப்பு அறையில் பல் தேய்த்து, முகம் கழுவி, உடை மாற்றி, அங்கிருந்தே கோவாவின் மட்கானுக்குக் காலையில் கிளம்பும் வந்தே பாரத். மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு மட்கானில் இறங்கிவிட்டோம். கர்நாடகக் கரை முழுவதும் நல்ல வெளிச்சத்தில் பார்த்தாயிற்று. கோவாவில் இரண்டு ராத்திரி.

மட்கானிலிருந்து மாண்டவி எக்ஸ்பிரஸ். காலை ஒன்பது வாக்கில் கிளம்பி இரவு பத்து மணி வாக்கில் மும்பை சத்ரபதி சிவாஜி மகராஜ் முனையம் (சி.எஸ்.எம்.டி.) சேரும் பகல் ரயில் இது. சாப்பாட்டுக்குப் பேர்போன ரயில். பன்னிரண்டு, பதிமூன்று மணி நேரம் நீளமென்று தோன்றினால் ரத்னகிரியில் இறங்கி ஒரு ராத்திரி தங்கிவிடுங்கள். சின்னக் குழந்தை என்றால் அதுதான் புத்திசாலித்தனம். மும்பை வரை போவதாக இருந்தால், தங்கும் இடம் எங்கே என்று பார்த்து பன்வேலிலோ தாணேயிலோ இறங்குவது குழந்தையின் தூக்கத்துக்கு நல்லது.

மும்பை–மட்கான் ஜன் சதாப்தியிலும் தேஜஸிலும் விஸ்டாடோம் பெட்டி இருக்கிறது. கண்ணாடிக் கூரை, சுற்றித் திருப்பும் இருக்கை. ஆனால் மட்கானிலிருந்து மும்பைக்கு இந்த ஜன் சதாப்தி கிளம்புவதே பிற்பகலில். பாதி வழியில் இருட்டிவிடும், கண்ணாடிக் கூரைக்குக் கொடுத்த பணம் வீண். மும்பையிலிருந்து விடிகாலையில் கிளம்பி வரும்போது ஏறினால் அந்தப் பணத்துக்குப் பலன் உண்டு.

நாகர்கோவில், திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்களுக்கு, கேரளா வழியாக நேராகவே கொங்கண் பாதையில் குஜராத் போகும் ரயில்கள் வாரத்தில் ஓரிரு நாள் உண்டு. அவற்றிலும் முதலில் பார்க்க வேண்டியது வெளிச்சக் கணக்குத்தான்.

மங்களூருவில் இரண்டு நிலையம் இருக்கிறதாமே?

ஆமாம். மங்களூரு சென்ட்ரல் ஒன்று, மங்களூரு ஜங்ஷன் ஒன்று. கேரளாவிலிருந்து வந்து கொங்கண் வழியாக நேரே வடக்கே போகும் ரயில்கள் பொதுவாக ஜங்ஷனில்தான் நிற்கும். சென்னை ரயில்கள் பல சென்ட்ரலோடு முடிந்துவிடும். இரண்டுக்கும் நடுவில் ஆட்டோவில்தான் போக வேண்டும். முதல் பயணத்தில் டிக்கெட்டில் இருந்த எழுத்தை நான் சரியாகப் பார்க்கவில்லை. தூங்கும் குழந்தை தோளில், ஒரு கையில் பெட்டி, மழைத் தூறலில் ஆட்டோவோடு பேரம். அடுத்த ரயிலுக்கு எந்த நிலையம் என்பதை டிக்கெட் போடும்போதே பார்த்துவிடுங்கள்.

குழந்தைக்கு டிக்கெட் எடுக்க வேண்டுமா?

ஐந்து வயது நிறையாத குழந்தைக்குத் தனிப் படுக்கை கேட்காவிட்டால் டிக்கெட் வேண்டாம். படுக்கை வேண்டுமென்றால் பெரியவர் கட்டணம். ஐந்திலிருந்து பன்னிரண்டு நிறைவதற்குள் என்றால், படுக்கை இல்லாமல் அரைக் கட்டணம், படுக்கையோடு முழுக் கட்டணம். 2016 ஏப்ரலிலிருந்து இப்படித்தான். அரை டிக்கெட்டுக்கும் படுக்கை கிடைத்த பழைய காலத்தை நினைத்துக்கொண்டு போகாதீர்கள். ஏசி சேர் கார், இரண்டாம் வகுப்பு முன்பதிவு இருக்கை போன்றவற்றில் அந்த அரைக் கட்டண வசதியும் இல்லை, முழு இருக்கைதான்.

என் அபிப்பிராயம்: நாலு வயதானாலும் ராத்திரிப் பயணத்துக்குத் தனிப் படுக்கை எடுங்கள். சேர்ந்து படுத்தால் அவள் தூங்குவாள், நீங்கள் விளிம்பில் தொங்குவீர்கள். வயதுக்குச் சான்றாகக் குழந்தையின் ஆதாரோ பிறப்புச் சான்றிதழோ ஒரு நகல் கையில் இருக்கட்டும்.

எத்தனை நாளுக்கு முன் பதிவு செய்ய வேண்டும்?

முன்பதிவு 60 நாளுக்கு முன்னால் திறக்கிறது. முன்பு 120 நாளாக இருந்தது, 2024 நவம்பரிலிருந்து குறைத்துவிட்டார்கள். காலை எட்டு மணிக்கு உட்கார்ந்துவிடுங்கள். ஐ.ஆர்.சி.டி.சி. கணக்கை முன்கூட்டியே ஆதாரோடு சரிபார்த்து வைப்பது நல்லது. தட்கலுக்கும் அது வேண்டும்.

வெயிட்டிங் லிஸ்டை நம்பிக் குழந்தையோடு பெட்டி கட்டாதீர்கள். இணையத்தில் எடுத்த டிக்கெட், சார்ட் போட்டபின்னும் வெயிட்டிங்கிலேயே இருந்தால் தானாக ரத்தாகிவிடும். ஆர்.ஏ.சி. என்றால் பக்கவாட்டுக் கீழ் படுக்கையில் இரண்டு பேர் உட்கார்ந்து போக வேண்டும். அதில் குழந்தையும் சேர்ந்தால் மூன்று பேர். பகல் பயணமென்றால் சமாளித்துவிடலாம்.

ஸ்லீப்பரா, ஏசியா?

இதில் வீட்டுக்கு வீடு சண்டை. நான் ஸ்லீப்பர் கட்சி, பகலுக்கு மட்டும்.

ஏசி பெட்டியின் ஜன்னல் கண்ணாடி பல நேரம் பழுப்பேறியிருக்கும், மழைக்காலத்தில் பாதி மங்கல். ஸ்லீப்பரிலோ இரண்டாம் வகுப்பு இருக்கையிலோ ஜன்னலைத் திறந்தால் காற்று, மண்வாசனை, சுரங்கத்துக்குள் நுழையும்போது சட்டென்று மாறும் குளிர்ச்சி, பாலத்தின்மேல் சக்கரம் எழுப்பும் வேறுவிதச் சத்தம், எல்லாம் கிடைக்கும். 2022-இல் பாதை முழுவதும் மின்மயமான பிறகு, சுரங்கத்துக்குள் டீசல் புகை மூக்கில் ஏறும் தொல்லையும் போய்விட்டது.

இரவுக்கு ஏசி. குழந்தை நன்றாகத் தூங்கும், பெட்டிக்குள் நடமாட்டமும் குறைவு. மூன்றடுக்கு ஏசியில் திரைச்சீலை கிடையாது. தாய்ப்பால் கொடுக்கும் அம்மாக்கள் அதற்காகவே இரண்டடுக்கு எடுப்பது நியாயம்.

ஸ்லீப்பரில் ஒரு எச்சரிக்கை: ஒவ்வொரு பெட்டியிலும் சில ஜன்னல்கள் கம்பி இல்லாத அவசர ஜன்னல்கள். அந்த இடம் கிடைத்தால் யாரிடமாவது கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள். மாற்ற முடியாவிட்டால் ஷட்டரை மூடிவிட்டு எதிர்ப் பக்கம் உட்காருங்கள். ஷட்டரை இறக்கும்போது குழந்தையின் விரல் எங்கே இருக்கிறது என்று ஒவ்வொரு தடவையும் பாருங்கள்.

எந்தப் பக்கம் உட்கார வேண்டும்?

தெற்கிலிருந்து வடக்கே போனால் இடது பக்கம் கடல் இருக்கும் திசை, வலது பக்கம் மலை. கர்நாடகத்திலும் கோவாவிலும் இடது. ரத்னகிரி மாவட்டத்தில், அதுவும் மழைக்காலமென்றால், வலது. ஆனால் குழந்தையோடு போகிறவர்கள் இதற்காக அலட்டிக்கொள்ளத் தேவையில்லை. அவர்கள் எப்படியும் இரண்டு பக்கமும் ஓடுவார்கள்.

மழைக்காலத்தில் போகலாமா?

அழகு என்றால் அப்போதுதான் அழகு. தண்டவாளத்தை ஒட்டியே அருவி கொட்டும். ரத்னகிரிப் பக்கம் உக்ஷி நிலையத்தருகே இருக்கும் ரான்பட் அருவியை ஜன்னலிலிருந்தே பார்க்கலாம். ஆனால் ஜூன் பாதியிலிருந்து அக்டோபர் வரை இந்தப் பாதைக்கென்று தனி மழைக்கால அட்டவணை. வேகத்தைக் குறைத்துவிடுவார்கள். பலத்த மழையில் கண்ணுக்கு வழி தெரியாவிட்டால் 40 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் ஓட்டக் கூடாது என்று விதி. ரயில் கிளம்பும் நேரமே மணிக்கணக்கில் மாறியிருக்கும், ஆகவே போன மாதம் போனவர் சொன்ன நேரத்தை நம்பாதீர்கள்.

மண்சரிவும் உண்டு. 2024 ஜூலையில் ஒரே வாரத்துக்குள் கோவாவின் பெர்னெம் சுரங்கத்தில் தண்ணீர் பீறிட்டும், ரத்னகிரி மாவட்டத்தில் மண் சரிந்தும் ரயில்கள் நின்றுபோயின, பல வேறு பாதையில் திருப்பிவிடப்பட்டன. பெரியவர்களுக்கு அது ஒரு கதை. பால் புட்டியோடு இருப்பவர்களுக்கு அது வேறு விஷயம். சின்னக் குழந்தையோடு ஜூலையில் போக வேண்டாம் என்பேன்.

நம் ஊர்ப் பள்ளிகளின் காலாண்டுத் தேர்வு விடுமுறை இந்தப் பயணத்துக்கென்றே வந்து அமைகிறது. மழையின் மூர்க்கம் தணிந்திருக்கும், பச்சை அப்படியே இருக்கும். விநாயகர் சதுர்த்தியை ஒட்டிய நாட்களை மட்டும் தவிர்த்துவிடுங்கள். மும்பையில் இருக்கும் கொங்கண்காரர்கள் அத்தனை பேரும் சொந்த ஊருக்குக் கிளம்பும் நேரம் அது, நிற்கவும் இடம் கிடைக்காது. மே மாதம் வெயிலும் கூட்டமும், ஆனால் மாம்பழம்.

துத்சாகர் அருவி வழியில் தெரியும்தானே?

தெரியாது. ரயில் பாலத்துக்கு மேலே பால் போலக் கொட்டும் அந்தப் படத்தைக் கொங்கண் ரயில் என்று போட்டுப் போட்டு எல்லாரையும் குழப்பிவிட்டார்கள். துத்சாகர் இருப்பது வேறு பாதையில், கோவாவிலிருந்து ஹூப்ளி போகும் வழியில், குலேமுக்கும் கேசில் ராக்குக்கும் நடுவே. வாஸ்கோவிலிருந்து நம் வேளாங்கண்ணிக்கு வரும் வாராந்திர ரயில் அந்த வழியாகத்தான் வருகிறது. அதையும் பார்க்க ஆசையென்றால் திரும்பும் வழியாக வைத்துக்கொள்ளலாம். அங்கே ரயிலிலிருந்து இறங்கித் தண்டவாளத்தில் நடப்பது சட்டப்படி குற்றம், அபராதம் போடுகிறார்கள்.

சாப்பாட்டுக்கு என்ன செய்வது?

முதல் நாளுக்கு வீட்டுச் சாப்பாடு. மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவிய இட்லி மதியத்துக்கு, புளியோதரை ராத்திரிக்கு. தயிர் சாதமென்றால் பாலில் பிசைந்து ஒரு கரண்டி மட்டும் தயிர் விட்டுக் கொண்டுபோங்கள். ராத்திரி திறக்கும்போது புளிக்காமல் சரியாக இருக்கும். குழந்தைக்குக் காரம் இல்லாத இட்லி தனி டப்பாவில். எங்கள் வீட்டில் இதை மறந்து ஒரு முறை எட்டு இட்லியையும் கழுவிக் கொடுத்தோம்.

இரண்டாம் நாளிலிருந்து வாங்கித்தான் ஆக வேண்டும். மாண்டவியில் வடை, கட்லட், ஆம்லெட், சூப் என்று கூடை கூடையாக வந்துகொண்டே இருக்கும். குழந்தைகளுக்குத் தோதாக உருளைக்கிழங்கு வடை, ஆனால் கூட வரும் பச்சை மிளகாயை முதலில் எடுத்துவிடுங்கள். பழத்தில் வாழைப்பழம் மட்டும் கைவசம் எப்போதும் இருக்கட்டும்.

வெந்நீருக்குப் பெரிய ஃபிளாஸ்க். மின்சாரக் கெட்டிலை ரயிலின் சார்ஜிங் பாயிண்டில் மாட்டக் கூடாது, அது கைபேசிக்கு மட்டும்.

தூளி கட்டலாமா?

நம் ஊர் அம்மாக்கள் கேட்காமல் இருக்க மாட்டார்கள். பழைய பெட்டிகளில் இந்தப் படுக்கைச் சங்கிலிக்கும் அந்தப் படுக்கைச் சங்கிலிக்கும் சேலையைக் கட்டி ஆட்டிவிட்டு, எதிர் சீட்டுக்காரரையும் ஆட்டச் சொன்ன காலம் உண்டு. என் அம்மா என்னை அப்படித்தான் மதுரை வரை கொண்டுபோனாளாம். நான் கட்டவில்லை, கட்டச் சொல்லவும் மாட்டேன். ரயில் சட்டென்று பிரேக் போட்டால் தூளி எதிர்க் கம்பியில் போய் இடிக்கும். கீழ் படுக்கையில் சுவர்ப் பக்கம் குழந்தை, வெளிப் பக்கம் நீங்கள், கால்மாட்டில் பை. அது போதும். கீழ் படுக்கை கிடைக்காவிட்டால் ஏறியதும் கேளுங்கள். குழந்தையைப் பார்த்தால் பெரும்பாலும் மாற்றிக்கொடுப்பார்கள்.

கழிப்பறை?

வண்டி கிளம்பிய முதல் ஒரு மணி நேரத்துக்குள் ஒரு தடவை அழைத்துப் போய்க் காட்டிவிடுங்கள், அப்போதுதான் சுத்தமாக இருக்கும். செருப்பு போடாமல் விடாதீர்கள். டயப்பரை உள்ளே போடாதீர்கள். இப்போதெல்லாம் பயோ டாய்லெட், அடைத்துக்கொண்டால் பெட்டி முழுக்க அவதி. பழைய செய்தித்தாளில் சுற்றிக் குப்பைத் தொட்டியில் போட வேண்டியதுதான்.

இத்தனை மணி நேரம் எப்படிப் பொழுது போகும்?

கைபேசியில் படம் ஏற்றிக்கொண்டு போவது தப்பில்லை, ஆனால் அதை ராத்திரிக்கு ஒளித்து வையுங்கள். பகலில் இந்தப் பாதையே விளையாட்டுதான்.

ரத்னகிரியைத் தாண்டிக் கொஞ்ச நேரத்தில் கர்புடே சுரங்கம் வரும். 6.5 கிலோமீட்டர். 2013-இல் காஷ்மீரில் பீர் பஞ்சால் சுரங்கம் திறக்கும் வரை நாட்டின் மிக நீளமான ரயில் சுரங்கம் இதுதான். ரயில் 75 கிலோமீட்டர் வேகத்தில் போனால் வெளியே வர ஐந்து நிமிடத்துக்குச் சற்று மேல் ஆகும். அதாவது நொடிக்கு ஒன்றாக எண்ணினால் முந்நூற்றுச் சொச்சம். அந்த வருஷம்தான் மகளுக்கு நூறைத் தாண்டி எண்ண வந்திருந்தது. இருட்டியதும் ஆரம்பித்தாள். நூற்று அறுபத்து ஏழு வரை ஒழுங்காக வந்தது, அப்புறம் நேரே இருநூறுக்குத் தாவினாள். எதிர் சீட்டில் இருந்த மராத்திக்காரப் பெரியவர், தமிழ் ஒரு வார்த்தை தெரியாதவர், தாவியதை எப்படியோ கண்டுபிடித்து விரலை ஆட்டினார். மறுபடி நூற்று அறுபத்து எட்டிலிருந்து. வெளிச்சம் வந்தபோது எண்ணிக்கை இருநூற்று முப்பதில் இருந்தது, இரண்டு பேரும் கை தட்டிக்கொண்டார்கள்.

ரத்னகிரிக்குச் சற்று முன்னால் பன்வல் நதிப் பாலம். 64 மீட்டர் உயரம், இருபது மாடி என்று வைத்துக்கொள்ளலாம். வருவதும் தெரியாது, போவதும் தெரியாது, முன்கூட்டியே ஜன்னலருகே உட்கார்ந்திருக்க வேண்டும்.

அப்புறம், ரயில்மேல் போகும் லாரிகள். சரக்கு ஏற்றிய லாரியை டிரைவரோடு அப்படியே தட்டை வேகன்மேல் நிறுத்திக் கொண்டுபோகும் ஏற்பாடு 1999 முதல் இந்தப் பாதையில் இருக்கிறது. பெரும்பகுதி ஒற்றைத் தடம் என்பதால் சின்ன நிலையங்களில் எதிர் ரயிலுக்கு வழிவிட (கிராசிங்) நிற்க வேண்டி வரும். பெரியவர்கள் அலுத்துக்கொள்வார்கள். அந்த நேரத்தில் எதிரே நாற்பது லாரி வரிசையாக ரயிலில் உட்கார்ந்து போனால் குழந்தையின் முகத்தைப் பாருங்கள். சில டிரைவர்கள் கையும் காட்டுவார்கள்.

வழியில் உடம்பு சரியில்லாமல் போனால்?

ரயில்வே உதவி எண் 139-க்குக் கூப்பிட்டால் அடுத்து வரும் பெரிய நிலையத்தில் மருத்துவருக்கு ஏற்பாடு செய்வார்கள், டி.டி.ஆரிடமும் சொல்லலாம். காய்ச்சல் மருந்து, குழந்தையின் எடைக்கு எத்தனை மில்லி என்று உங்கள் மருத்துவர் எழுதிக் கொடுத்த சீட்டு, ஓ.ஆர்.எஸ். பொட்டலம், தெர்மாமீட்டர் ஆகியவை கைப்பையில் இருக்கட்டும், சீட்டுக்கு அடியில் தள்ளிய பெட்டிக்குள் வேண்டாம். சுரங்கங்களுக்குள் கைபேசி சிக்னல் அடிக்கடி அறுந்து போகும், பதறாதீர்கள்.

நடுவில் எங்கே இறங்கித் தங்கலாம்?

ஒரே ஒரு இடம் தேர்ந்தெடுத்து இரண்டு ராத்திரி இருங்கள். ஊர் ஊராக இறங்கி ஏறினால் குழந்தைக்கு நினைவில் இருப்பது பெட்டி கட்டியது மட்டும்தான். உடுப்பி என்றால் கிருஷ்ணர் கோயில், மல்பே கடற்கரை, அங்கிருந்து படகில் அறுகோணத் தூண்களாக எரிமலைப் பாறை நிற்கும் செயின்ட் மேரீஸ் தீவு. மழைக்காலத்தில் படகு ஓடாது. கார்வார் கடற்கரையில் சாப்பல் என்ற பழைய போர்க்கப்பலைக் கரையேற்றி அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். ஆறேழு வயதுக்காரர்களை அங்கிருந்து கிளப்புவது கஷ்டம். ரத்னகிரியில், பிரிட்டிஷார் நாடு கடத்திக் கொண்டுவந்து வைத்த பர்மாவின் கடைசி மன்னர் தீபாவின் அரண்மனை இருக்கிறது. குழந்தைக்கு அது அவ்வளவாகப் பிடிக்காது, உங்களுக்குப் பிடிக்கும்.

திரும்பி வரும்போதும் அதே வழியா?

வேண்டாம். மும்பையிலிருந்து புனே, குண்டக்கல் வழியாகச் சென்னைக்கு வரும் ரயிலில், பகலில் மும்பையை விட்டுக் கிளம்புவதாகப் பார்த்து ஏறுங்கள். கர்ஜத்தில் ஜன்னலருகே தயாராக இருங்கள். அங்கிருந்து லோனாவாலா வரை ‘போர் காட்’ என்னும் மலைப்பாதை ஏற்றம், 37 அடி போனால் ஒரு அடி ஏறும் அளவுக்குச் செங்குத்து. முன் எஞ்சின் மட்டும் இழுத்தால் போதாது என்று கர்ஜத்தில் பின்னாலும் எஞ்சின்களைக் கொண்டுவந்து சேர்ப்பார்கள். லேசாக ஒரு இடி தெரியும், அதுதான். மகள் தூக்கக் கலக்கத்திலிருந்து எழுந்து, "பின்னாடி யாரும்மா தள்றாங்க?" என்றாள். லோனாவாலாவில் அவற்றைக் கழற்றிவிடும் வரை ஜன்னலை விட்டு நகரவில்லை.